ஓநாய் அண்ணையும் வைரவர் வடையும்

ஓநாயைக் கண்ணால்கூடப் பார்க்காமல் ஓநாயால் பேரும் புகழும் அடைந்தவர் ஐரோப்பாக் கண்டத்திலேயே ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் ஒஸ்லோவில் நான் வேலை பார்த்த அலுவலகக் கேன்டீனில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். கோப்பை என்றதும் டீ குடிப்பதை மட்டும் நினைத்துக்கொள்ளாதீர்கள். யாழ்ப்பாணத்துக்காரர்களுக்குச் சோறு போட்டுத் தின்னும் தட்டும் கோப்பைதான். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. நார்வேக்காரர்கள் அவரை ‘உல்வ்’ என்று கூப்பிட்டார்கள். அவர்கள் மொழியில் அதற்கு ஓநாய் என்று பொருள். ஒஸ்லோத் தமிழர்களுக்கு அவர் ஓநாய் அண்ணை.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில், கணவரின் கம்ப்யூட்டர் வேலைக்காக நான் சென்னையிலிருந்து அங்கே போய் இறங்கினேன். தாவரவியலில் எம்.எஸ்ஸி. படித்தவளுக்கு அந்தக் கேன்டீனில் முட்டைக்கோஸ் நறுக்குகிற வேலை கிடைத்தது. துறை மாறவில்லை என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

முதல் நாளே அண்ணையை நான் கதிகலங்க வைத்துவிட்டேன். கேன்டீனுக்குத் தலைவி தூரிட் என்ற பெண்மணி. வெள்ளை முடி, ஆறடி உயரம், சிரித்தால் அடுக்கி வைத்த தட்டுகள் அதிரும். அவர் அண்ணையை அழைத்து வரச் சொன்னார். நான் பாத்திரம் கழுவும் அறைக்குப் போய், “அண்ணே, தூரிட் உங்ககிட்ட பேசணுமாம்” என்றேன். மனிதருக்கு முகம் வெளிறிவிட்டது.

“என்னத்துக்குப் பேசப்போறா? நான் ஒண்டும் செய்யேல்லையே!”

“தெரியலண்ணே. சும்மா பேசணுமாம்.”

“சும்மா பேசுறதோ! சும்மா ஏன் என்னைப் பேசவேணும்?”

அப்புறம்தான் தெரிந்தது, யாழ்ப்பாணத்தில் பேசுவது என்றால் திட்டுவது. நாம் பேசுவதை அவர்கள் கதைப்பது என்பார்கள். தூரிட் கூப்பிட்டது புதிய கையுறை கொடுப்பதற்காக. அன்றிலிருந்து நான் அவரோடு கதைத்தேன். அவரும் என்னைத் தங்கச்சி ஆக்கிக்கொண்டார்.

அவர் எப்படி ஓநாய் ஆனார் என்பதைக் கேன்டீனில் ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். ரொட்டி சுடுகிறவர் சொன்னதில், அண்ணை காட்டில் ஒற்றைக் கையால் ஓநாய்க் கூட்டத்தை அடித்து விரட்டியிருந்தார். காய்கறிப் பக்கம் சொன்னதில் விரட்டவில்லை, அதட்டினார். அவை மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போயின. கணக்குப் பார்க்கும் பெண் இன்னும் ஒரு படி மேலே போய், சிறு வயதில் அவரை வளர்த்ததே ஓநாய்கள்தான் என்று நம்பிக்கொண்டிருந்தாள். அண்ணை இவற்றில் எதையும் சொன்னவர் இல்லை, எதையும் மறுத்தவரும் இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், தனக்குத் தெரிந்த பத்துப் பன்னிரண்டு நார்வீஜியச் சொற்களை வைத்து அவர் சொன்ன மூலக்கதை இவ்வளவுதான்: “ஊரில் இரவு. நிறைய ஓநாய். நான் தனியே. ஓநாய் போச்சு.”

இதை வைத்து அவருக்குக் கிடைத்த மரியாதை கொஞ்சநஞ்சம் இல்லை. பிறந்தநாளுக்கு ஓநாய் முகம் வரைந்த கேக். குளிருக்கு ஓநாய்க் காது வைத்த கம்பளிக் குல்லா. அந்தக் காதுகளோடு மனிதர் கம்பீரமாக மெட்ரோவில் வருவார். ஒருமுறை லாரிக்காரன் ஒருவன் அழுகல் உருளைக்கிழங்கைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, திரும்ப எடுக்க மாட்டேன் என்று தகராறு செய்தான். தூரிட் உள்ளே பார்த்து, “உல்வை வரச் சொல்லுங்கள்” என்றார். அண்ணை ஈரக் கையோடு வந்து லாரிக்கு முன்னால் நின்றார். வாய்ச்சண்டை போட அவருக்கு மொழி போதாது. லாரிக்காரன் அவரைப் பார்த்தான், குல்லாவைப் பார்த்தான், மூட்டைகளைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

இப்பேர்ப்பட்ட வீரரின் குட்டு எனக்கு மட்டும் உடைந்தது. நாங்கள் இருவரும் ஒஸ்லோவின் ஓரத்தில் ட்வெய்ட்டா என்ற பகுதியில் ஒரே உயரக் கட்டடத்தில் குடியிருந்தோம். அண்ணை லிஃப்டில் ஏறவே மாட்டார். அரிசி மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு ஒன்பது மாடியும் படியேறுவார். கேட்டால், “உடம்புக்கு நல்லது, தங்கச்சி” என்பார். ஒருநாள் மூட்டை பெரிதாக இருந்ததால் நான் வற்புறுத்தி லிஃப்டுக்குள் இழுத்தேன். கதவு மூடப்போகிற நேரத்தில் கீழ்வீட்டுப் பாட்டி தன் நாயோடு உள்ளே வந்தாள். நாய் என்றா சொன்னேன்? முழங்கைக்கு நாலு கால் முளைத்தது போல் ஒன்று. அண்ணை அரிசி மூட்டையைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டார்.

“தங்கச்சி, அது கடிக்குமோ எண்டு கேளுங்கோ.”

“அண்ணே, நீங்க ஓநாயையே...”

“உஷ்! பேந்து சொல்லுறன். முதல்லை கேளுங்கோ!”

வீட்டுக்குப் போய், அவர் மனைவி கொடுத்த தேத்தண்ணியைக் குடித்த பிறகுதான் அவருக்கு உயிர் வந்தது.

“அது ஓநாயில்லைத் தங்கச்சி, நரி. இலங்கையிலை ஓநாய் ஏது? ராவிலை கோழிக்கூட்டுக்கு நரியள் வந்துது. நரிக்கு இஞ்சத்தைப் பாஷையிலை என்ன பேர் எண்டு எனக்கு அப்பத் தெரியேல்லை. தெரிஞ்ச சொல் உல்வ் ஒண்டுதான். அதைச் சொல்லிப்போட்டன்.”

“சரி, நரியைத்தான் துரத்தினீங்களே?”

“எங்கை துரத்தினது? பயத்திலை கத்திக் குழறினனான். அதுகளும் பயந்து ஓடிட்டுதுகள்.”

சின்ன வயதில் தெருநாய் கடித்துத் தொப்புளைச் சுற்றி ஊசி போட்டதிலிருந்து, நாய் ஜாதியின் நிழல் பட்டாலே அவருக்கு வியர்க்குமாம். “அப்ப உண்மையைச் சொல்லிட வேண்டியதுதானே?” என்றேன். அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

“தங்கச்சி, நான் இஞ்சை வந்த புதிசிலை எனக்கு ஒரு பேரும் இல்லை. ‘அந்தக் கோப்பை கழுவிற ஆள்’ எண்டுதான் சொல்லுவினம். நான் வந்தாலும் ஒருத்தருக்கும் தெரியாது, வராட்டிலும் தெரியாது. ஓநாய் வந்தாப் பிறகுதான் காலமை ‘குட் மோர்கன், உல்வ்’ எண்டு எல்லாரும் சொல்லினம். இதை விட்டிட்டு நான் பேந்தும் அந்தக் கோப்பை கழுவிற ஆளாப் போறதோ?”

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த ரகசியத்தைக் கடைசிவரை காப்பாற்றுவது என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டேன்.

அப்போதுதான் தூரிட் ஓய்வு பெறும் நேரம் வந்தது. விடைபெறும் முன் கேன்டீன் மொத்தத்தையும் ஒரு நாள் உல்லாசப் பயணம் கூட்டிப்போவேன், எங்கே என்பது ரகசியம் என்றார். மே மாதத்து மதியம் ஒன்றில் எல்லோரையும் கூட்டிவைத்து, அண்ணையின் தோளில் கை போட்டு, ரகசியத்தை உடைத்தார். எல்லையைத் தாண்டி ஸ்வீடன் பக்கம், ஓநாய்நாய்களை வைத்துக் காப்பாற்றும் பண்ணை ஒன்று இருக்கிறது. ஓநாய்க்கும் நாய்க்கும் பிறந்த கலப்பு. நார்வேயில் அதை வளர்க்கச் சட்டம் விடாது. ஆசைக்குக் குட்டியாக வாங்கி, வளர்ந்ததும் பயந்துபோய்க் கைவிட்டவர்களின் ஓநாய்நாய்கள் எல்லாம் அந்தப் பண்ணையில் இருக்கின்றன. வேலிக்கு உள்ளே போய் அவற்றோடு உட்காரலாம்.

“உள்ளே முதலில் போகப்போவது நம் உல்வ்! இது உனக்காகத்தான்!” என்றார் தூரிட்.

எல்லோரும் கை தட்டினார்கள். அண்ணையும் கை தட்டினார். தட்டிய கை அப்படியே ஒட்டிக்கொண்டு கும்பிடு மாதிரி நின்றுவிட்டது.

அன்று மாலையிலிருந்து அவர் தப்பிக்கிற வழிகளைத் தேடத் தொடங்கினார். அந்த ஊரில் டாக்டர் சீட்டு இல்லாமல், எனக்கு உடம்பு சரியில்லை என்று நாமே அறிவித்து லீவு எடுக்கலாம். எகென்மெல்டிங் என்று பெயர்.

“தங்கச்சி, உல்லாசப் பயணத்துக்கு எகென்மெல்டிங் குடுக்கலாமோ?”

“அது சனிக்கிழமைண்ணே. லீவு நாளுக்கு யாராவது லீவு எடுப்பாங்களா?”

அடுத்து, மச்சானுக்குக் கல்யாணம் என்று சொல்லப் பார்த்தார். அந்த மச்சானுக்கு மூன்று பிள்ளைகள் இருப்பதும் கடைசிப் பிள்ளையின் பிறந்தநாளுக்குத் தூரிட்டே போய்க் கேக் தின்றுவிட்டு வந்ததும் பிறகு ஞாபகம் வந்தது. கடைசியில் மனித முயற்சிகளைக் கைவிட்டு, கோயிலுக்குப் போய் வைரவருக்கு வடைமாலை சாத்தினார். வைரவருக்கு வாகனம் நாய். ஆகவே இலாகா சரிதான்.

பயண நாளில் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்துவந்தார். ஜூன் மாத வெயிலில் தடித்த ஜாக்கெட் போட்டிருந்தார், ஓநாய்க் காதுக் குல்லாவும் வைத்திருந்தார். மற்றவர்கள் திரும்பும் வழியில் எல்லைக் கடைகளில் மலிவு விலையில் என்ன இறைச்சி வாங்கலாம் என்று விவாதித்துக்கொண்டு வந்தார்கள். அண்ணைக்குத் தன் இறைச்சியைப் பற்றிய கவலை. “நான் திரும்பி வராட்டில் எங்கடை வீட்டிலை சொல்லிவிடுங்கோ” என்று ஆரம்பித்தவர், என்ன சொல்ல வேண்டும் என்பதைக் கடைசிவரை சொல்லவில்லை.

பண்ணை வாசலில் ஒரு பெண் வந்து ஸ்வீடிஷில் விதிமுறைகளைச் சொன்னாள். என் காதுக்கு நார்வீஜியனே அரைகுறை. இதில் ஸ்வீடிஷ். அவள் எங்கள் இருவரையும் பார்த்து ஏதோ ‘தாமா இல்லை’ என்கிற மாதிரி அழுத்திச் சொன்னாள். புரியாமல் விழித்தேன். தூரிட் நார்வீஜியனில் திருப்பிச் சொன்னார். இப்போது ‘தம்மெ இல்லை’ என்று கேட்டது. சரிதான், நீங்கள் தமிழர் இல்லையா என்று கேட்கிறார்கள் போலிருக்கிறது என்று, “ஆமாம் ஆமாம், நாங்க ரெண்டு பேரும் தமிழ்!” என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னேன். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

அண்ணை என் காதில் முனகினார்: “தம்மெ எண்டால் பழக்கின மிருகம், தங்கச்சி. இதுகள் பழக்கின மிருகமில்லை எண்டு சொல்லுறா. என்ரை தம்பிரானே!”

பத்துப் பத்துப் பேராக உள்ளே விட்டார்கள். முதல் கூட்டத்தில் அண்ணை, அவருக்கு வலப்பக்கம் தூரிட், இடப்பக்கம் நான், இன்னும் சிலர். மரக்கட்டைகளில் வரிசையாக உட்கார வேண்டும். கண்ணுக்கு நேராகப் பார்க்கக் கூடாது, பல்லைக் காட்டிச் சிரிக்கக் கூடாது, கையை நீட்டக் கூடாது, சட்டைப் பையில் தின்பண்டம் வைத்திருக்கக் கூடாது. எல்லோரும் பைகளைத் தடவிப் பார்த்து இல்லை என்று தலையாட்டினோம். அண்ணையும் ஆட்டினார். அவர் தலை வாசலிலிருந்தே ஆடிக்கொண்டுதான் இருந்தது.

மரங்களுக்கு நடுவிலிருந்து அவை வந்தன. சாம்பல் நிறம், நீளக் கால்கள், சத்தமே இல்லாத நடை. தூரத்திலேயே நின்று எங்களை எடைபோட்டன. அந்தப் பெண் தாழ்ந்த குரலில், பெரியதன் பெயர் லில்லா என்றாள். லில்லா என்றால் குட்டி. அந்தக் குட்டி கன்றுக்குட்டி அளவு இருந்தது. மனிதர்களிடம் அடி வாங்கிப் பயந்துபோனது என்றும் அறிமுகம் இல்லாத ஆண்கள் பக்கம் அது வந்ததே இல்லை என்றும் சொன்னாள். அதைக் கேட்டு அண்ணைக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

வந்த மூச்சு நிலைக்கவில்லை. லில்லா மூக்கைத் தூக்கிக் காற்றை முகர்ந்தது. பிறகு வரிசையில் இருந்த யாரையும் சட்டை செய்யாமல் நேராக அண்ணையை நோக்கி நடந்தது. அவர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். உதடு மட்டும் அசைந்தது.

“அடீக்... அடீக்...”

யாழ்ப்பாணத்தில் தெருநாயை விரட்டுகிற சொல் அது. நாம் ‘ச்சீ போ’ என்பதைப் போல. ஆனால் அதற்கு ஓர் அதட்டல் வேண்டும். அண்ணை அதைத் தாலாட்டு மாதிரி, உயிர் போகிற குரலில் சொன்னார். ஸ்வீடனில் வளர்ந்த லில்லாவுக்கு அது என்னவென்று புரிந்திருக்கும்? காதை நிமிர்த்தி இன்னும் ஓரடி கிட்டே வந்தது. “அடீக்” என்றார். இன்னும் ஓரடி. போ, போ என்று அவர் கெஞ்சக் கெஞ்ச அது வந்துகொண்டே இருந்தது. ஜாக்கெட்டில் மூக்கை வைத்து நீளமாக மூச்சை இழுத்தது. ஏதோ கிழிகிற சத்தம் கேட்டது. பிறகு அவருடைய ஷூவின் மேல் முகவாயை வைத்துப் படுத்துவிட்டது.

பண்ணைப் பெண் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். அவள் கண்ணில் தண்ணீர். அண்ணையின் கண்ணிலும் தண்ணீர், வேறு காரணத்துக்காக. எங்கள் வரிசையில் ஒவ்வொருவராக, மந்திரத்தைப் பிடித்துக்கொண்டவர்களைப் போல, மெல்லிய குரலில் “அடீக், அடீக்” என்று மற்ற ஓநாய்நாய்களைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். ரொட்டி சுடுகிறவர் அதை ராகத்தோடு சொன்னார். ஒன்றும் வரவில்லை. எழுந்து நின்று ஏதாவது சொல்லிவிடலாமா என்று தவித்தேன். சொன்னால் ஓநாய் அண்ணையின் கதை அங்கேயே முடிந்துவிடும்.

அந்த நேரத்தில் தூரிட் சாவகாசமாகத் தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். “காஃபெ!” என்றார்.

நார்வேக்காரர்களை எந்தப் பரவச நிலையிலிருந்தும் எழுப்ப அந்த ஒரு சொல் போதும். எல்லோரும் காபி குடிக்க எழுந்தார்கள். சலசலப்பில் லில்லா விலகி மரங்களுக்குள் போய்விட்டது. அண்ணையைத் தூரிட் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்து வெளியே நடத்திவந்தோம். மரியாதை செய்து அழைத்துவருகிறோம் என்று நினைத்து மற்றவர்கள் வழிவிட்டார்கள்.

வெளியே வந்துதான் பார்த்தேன். ஜாக்கெட்டின் இடதுபக்கப் பை, தையலோடு பிய்ந்து காணாமல் போயிருந்தது.

“அண்ணே, பைக்குள்ள என்ன வச்சிருந்தீங்க?”

“வடை.”

“தின்பண்டம் இருக்கக் கூடாதுன்னு சொன்னாங்களே!”

“அது தின்பண்டமோ, தங்கச்சி? வைரவற்றை பிரசாதம்! காவலுக்கு எண்டு வீட்டிலை வைச்சுவிட்டவ.”

வைரவர் தன் வாகனத்தை அனுப்பித் தன் வடையை வாங்கிக்கொண்டார் என்பதுதான் இன்றுவரை அவர் வீட்டில் இதற்குக் கொடுக்கப்படும் விளக்கம்.

திரும்பும் வழியில் எல்லைக் கடையில் எல்லோரும் இறைச்சி வாங்கப் போனபோது தூரிட் என்னிடம் வந்து பஸ் ஓரமாக நின்றார். “உள்ளே அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்படி நடுங்கிற்று. நாயென்றால் அவனுக்கு இவ்வளவு பயம் என்று தெரிந்திருந்தால் அந்தப் பண்ணைக்குக் கூட்டிப்போயிருக்கவே மாட்டேன்” என்றார். அவரே தொடர்ந்தார். “இலங்கையில் ஓநாய் கிடையாது. அவன் கதை சொன்ன அன்றைக்கே வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தில் பார்த்துவிட்டேன். ஆனால் வேலைக்கு வந்து மாதக்கணக்காக வாயே திறக்காத மனிதன் அன்றைக்குத்தான் முதன்முதலாக ஒரு கதை சொன்னான். சொல் தப்பு என்று அவனைத் திருத்துவேனா?” பிறகு என் தோளைத் தட்டி, “அவனிடம் சொல்லிவிடாதே” என்றார்.

ஒஸ்லோ வந்து சேர்ந்து, ட்வெய்ட்டாவுக்கு மெட்ரோவில் போகும்போது, அண்ணை பை பிய்ந்த இடத்தைத் தடவிக்கொண்டே சொன்னார்.

“தூரிட்டுக்கு உண்மை தெரியும், தங்கச்சி.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“என்ரை மகள் பள்ளிக்கூடத்திலை படிச்சுப்போட்டு, நரிக்கு ஷகால் எண்டு பேர் எண்டு சொன்னவள். கன வருஷத்துக்கு முதல். அடுத்த நாளே திருத்திச் சொல்லுவம் எண்டு தூரிட்டிட்டைப் போய், ஷகால் எண்டு வாயெடுத்தன். அவ கெதியா என்ரை வாயை மறிச்சு, ‘உல்வ், அந்த ஓநாய்க் கதையை இன்னொருக்காச் சொல்லு’ எண்டு கேட்டா. அப்பவே எனக்கு விளங்கிட்டுது. அவ எனக்காக வைச்சிருக்கிற ஓநாயை நான் எப்பிடிப் பறிக்கிறது? நீங்கள் அவவிட்டைச் சொல்லிப்போடாதேங்கோ.”

இப்படியாக, இரண்டு பக்கத்து ரகசியத்தையும் வயிற்றில் கட்டிக்கொண்டு நான் மாடி ஏறினேன். அண்ணையோடு சேர்ந்து, படியில்தான்.

தூரிட் ஓய்வு பெற்றுப் போனார். ‘அடீக்’ மட்டும் கேன்டீனில் தங்கிவிட்டது. ஆளைக் கூப்பிட அங்கே அதுதான் சொல் ஆயிற்று. கூட்டம் நெருக்கும்போது, “உல்வ், அடீக்!” என்று கத்துவார்கள். அண்ணை கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவருவார். சாப்பாட்டு மேசையில் யாருக்காவது இடம் வைத்திருந்தால் அடீக். ஓய்வு பெற்ற தூரிட் மாதம் ஒருமுறை எட்டிப்பார்ப்பார். அவரை வாசலில் பார்த்ததும் எல்லோரும் ஒரே குரலில் அடீக். யாழ்ப்பாணத் தெருநாய்கள் கேட்டால் தலைசுற்றிப்போகும்.

சில வருஷங்கள் கழித்து நாங்கள் ஊர் திரும்பினோம். கடைசி நாளில், சாயங்காலம் நான் கத்தியைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பும்போது, கேன்டீன் முழுக்க வாசலுக்கு வந்து நின்றது. தூரிட்டும் வந்திருந்தார். நான் படியிறங்கிக் கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் கையை ஆட்டி, “அடீக்! அடீக்!” என்று கூப்பிட்டார்கள்.

அந்தச் சொல்லுக்குப் போ என்று அர்த்தம் தெரிந்தவர்கள் அங்கே நானும் அண்ணையும்தான். அவர் ஓநாய்க் காதுக் குல்லாவோடு கடைசி வரிசையில் நின்று, முகத்தை ஈரக் கையால் துடைத்தபடி, மற்ற எல்லோரையும்விடச் சத்தமாக அடீக் என்றார். அவர் என்னைப் போகச் சொல்லவில்லை.